ஐந்து சுடலைமுத்துகளும் ஒரு நீலச் சட்டையும்

பால்வினை நோய் மருந்தகங்களில் புதிதாக ஆலோசகர் வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்காக இரண்டு பக்கம் எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். நான் மும்பை மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவள். இரண்டு பக்கம் எனக்குக் குசலம் விசாரிக்கவே போதாது. அதனால் நீளத்தைப் பார்த்து யாரும் முகம் சுளிக்க வேண்டாம். பிடிக்காதவர்கள் எழுந்து டீ குடிக்கப் போகலாம். நான் வேலையில் இருந்தபோதும் என் பேச்சு பிடிக்காதவர்கள் அதைத்தான் செய்தார்கள்.

சிபிலிஸைப் பற்றி உங்களுக்குப் பயிற்சியில் படம் போட்டுக் காட்டியிருப்பார்கள். அதையெல்லாம் நான் திருப்பிச் சொல்லப்போவதில்லை. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். அது நல்ல பிள்ளை வேஷம் போடுகிற நோய். உடலுறவில் தொற்றிக்கொண்டு சில வாரம் கழித்து ஒரு புண் வரும். வலிக்காது. வலிக்காத புண்ணை எந்த ஆண்பிள்ளை டாக்டரிடம் காட்டுவான்? காட்டாவிட்டாலும் அது தானாகவே ஆறிவிடும். பிறகு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சிவப்பாகத் தடிப்பு வரும். பெரும்பாலும் அரிக்காது. அதுவும் தானாகவே மறைந்துவிடும். ஆசாமி பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு நிம்மதியாக இருப்பான். கிருமி மட்டும் உள்ளேயே உட்கார்ந்திருக்கும். வருஷக்கணக்கில் சத்தம் போடாமல் இருந்துவிட்டு இதயத்தையோ மூளையையோ கண்ணையோ பிடிக்கும். அதற்குள் மனைவிக்குப் போயிருந்தால், அவள் கர்ப்பமாகவும் இருந்தால், வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் போகும். குழந்தை வயிற்றிலேயே இறந்துபோகலாம். பிறந்தாலும் நோயோடு பிறக்கலாம்.

இத்தனை பொல்லாத நோய்க்கு மருந்து என்ன என்றால், ஆரம்பத்தில் பிடித்துவிட்டால் ஒரே தடவை பென்சிலின் ஊசி. அவ்வளவுதான். கிருமியைக் கொல்வது சுலபம். ஆளைக் கொண்டுவந்து உட்காரவைப்பதுதான் பெரும்பாடு. அந்தப் பாட்டில் நான் செய்த ஒரு மடத்தனத்தைத்தான் சொல்லப்போகிறேன்.

தாராவி ஓரத்தில் ஒரு தவாகானா. அரசு மருந்தகத்தை அங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். அதில் நாலாம் நம்பர் அறை எங்களுடையது. வாசலில் நோயின் பெயர் எதுவும் எழுதவில்லை, நம்பர் மட்டும்தான். ஆனால் தாராவியில் எல்லோருக்கும் அந்த நம்பர் தெரியும். வராந்தாவில் வருகிற ஆண்கள் மூன்றாம் நம்பர் பல் டாக்டர் அறை வாசலில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்துச் சட்டென்று எங்கள் அறைக்குள் நுழைவார்கள். பல் டாக்டர் பாவம், வாசலில் இவ்வளவு கூட்டம் இருந்தும் உள்ளே யாரும் வருவதில்லையே என்று பல வருஷம் வருத்தப்பட்டார்.

எங்கள் டாக்டர் மேடம் செம்பூரிலிருந்து வருவார். மராத்திக்காரர். அவருக்குத் தமிழில் மூன்று சொற்கள் தெரியும். வலிக்காது, முடிஞ்சது, போங்க. இதில் முதலாவது பச்சைப் பொய். பென்சிலின் ஊசி இரண்டு பக்கப் பிட்டத்திலும் ஆழமாகப் போடுவது, போட்டுக்கொண்டவன் இரண்டு நாளைக்கு நாற்காலியைப் பார்த்தாலே பயப்படுவான். ஆனால் அந்த அம்மாள் சொல்லும்போது நம்பிவிடத் தோன்றும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வருகிறவனிடம் பேரென்ன, ஊரென்ன, ரேஷன் கார்டு இருக்கிறதா என்று கறாராகக் கேட்பேன். ஒருவன் "ஜெராக்ஸ் எடுத்துட்டு வந்துருதேன்" என்று சொல்லிவிட்டுப் போனவன்தான், இன்னும் எடுத்துக்கொண்டிருக்கிறான். அன்றைக்கு டாக்டர் மேடம் என்னைக் கூப்பிட்டு, ஊசியைப் பெயருக்கா போடப்போகிறோம் என்று ஹிந்தியில் கேட்டார். சொல்லுகிற பெயரை எழுது, ஆளை விட்டுவிடாதே என்றார். நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். எனக்கு எதையுமே பாதியில் நிறுத்தத் தெரியாது. அதற்குப் பிறகு வருகிறவர்களிடமெல்லாம், "வாங்கோ, உக்காருங்கோ, எந்தப் பேர் வேணும்னாலும் சொல்லுங்கோ" என்று விருந்துக்கு அழைப்பதுபோல ஆரம்பித்தேன். அதிலிருந்து தாராவியில் எனக்கு வாங்கோ மேடம் என்றே பெயர்.

பெரும்பாலும் ராஜு என்பார்கள். ஒரே காலையில் நான்கு ராஜுக்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், நான் ராஜு என்று கூப்பிட்டால் நான்கு பேரும் எழுந்திருப்பார்கள், அல்லது ஒருவருமே எழுந்திருக்க மாட்டார்கள். இதற்காகத்தான் ஆளுக்கு ஒரு நம்பர் போட்ட அட்டை கொடுப்போம். ரெஜிஸ்டரிலும் அதே நம்பர், ரத்தக் குழாயிலும் அதே நம்பர். அட்டையோடு வந்தால் பெயரைப் பற்றிக் கவலையே இல்லை.

ராஜு என்று சொல்லாதவர்களும் உண்டு. ஒரு மனுஷனைத் திடீரென்று பொய்ப்பெயர் சொல்லச் சொன்னால் முதலில் வாயில் வருவது, அவன் யார்மேல் கடுப்பாக இருக்கிறானோ அவர் பெயர்தான். மச்சான் பெயர், முதலாளி பெயர், சீட்டு விளையாட்டில் ஏமாற்றிய சிநேகிதன் பெயர். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை, என் சொந்த ஆராய்ச்சி. இப்படித்தான் ஒரு திங்கட்கிழமை சுடலைமுத்து வந்தார். புதன்கிழமை இன்னொரு சுடலைமுத்து. திருநெல்வேலிப் பக்கத்துப் பெயர்தானே, இருக்கும் என்று எழுதிக்கொண்டேன். அடுத்த வாரம் இன்னும் இரண்டு சுடலைமுத்துகள். நான்காவது ஆளிடம் மெதுவாக விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. அவர்கள் எல்லோரும் ஒரே சாலில், அதாவது ஒரே வரிசை வீடுகளில் குடியிருக்கிறவர்கள். அந்தச் சாலின் கமிட்டிச் செயலாளர் பெயர்தான் சுடலைமுத்து. குழாயைத் திறந்துபோட்டவன், படிக்கட்டில் எச்சில் துப்பியவன், பொதுக் கக்கூஸில் தண்ணீர் ஊற்றாமல் வந்தவன் என்று எல்லோர் பெயரையும் அவர் சாக்பீஸால் கரும்பலகையில் பெரிதாக எழுதிவைப்பாராம். போகிற வருகிறவர்கள் எல்லோரும் படிப்பார்கள். அவர் இவர்கள் பெயரைப் பலகையில் எழுதினார், இவர்கள் அவர் பெயரை என் ரெஜிஸ்டரில் எழுதவைத்தார்கள். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அப்போது சிரித்தேன்.

ஐந்தாவது சுடலைமுத்துதான் கதைக்குக் காரணம். தோல் பை தைக்கிற பட்டறையில் வேலை. கொரோனா போனாலும் முகக்கவசம் எங்கள் அறையை விட்டுப் போகவில்லை. இவரும் கண் மட்டும் தெரியும்படி வந்திருந்தார். உள்ளங்கையை நீட்டினார். சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. தோலுக்குப் போடுகிற சாயம் ஒத்துக்கொள்ளவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். பேசிக்கொண்டே போனதில், நாலைந்து மாதத்துக்கு முன் வேலை விஷயமாக வெளியூர் போன இடத்தில் நடந்ததையும் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். பிறகு அவராகவே சொன்னார், மனைவிக்கு ஆறாம் மாதம், அடுத்த மாதம் வளைகாப்பு முடிந்ததும் ஊருக்கு ரயில் ஏற்றிவிடவேண்டும் என்று. உடனே ரத்தம் எடுத்தோம். வெள்ளிக்கிழமை வந்துவிடுங்கள், மனைவியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று நான்கு தடவை சொன்னேன்.

அட்டையைக் கொடுத்தபோது வேண்டாம் என்றார். துவைக்கும்போது மனைவி சட்டைப் பையைத் துழாவுவாளாம். நான் கட்டாயப்படுத்தியிருக்க வேண்டும். என் ஞாபகசக்தியில் எனக்கு அப்போது பெரிய கர்வம் இருந்தது. பரவாயில்லை, நீங்க வந்தா போதும், எனக்கு ஞாபகம் இருக்கும் என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். அவர் போனபிறகு ரெஜிஸ்டரில் அடையாளம் என்ற கட்டத்தில் நான் என்ன எழுதினேன் தெரியுமா? நீலச் சட்டை. அந்த மனுஷன் ஆயுசுக்கும் அந்தச் சட்டையைக் கழற்றவே மாட்டான் என்று நினைத்தேன் போலிருக்கிறது.

மற்ற நான்கு சுடலைமுத்துகளுக்கும் சிபிலிஸ் இல்லை. அட்டையோடு ஒழுங்காக வந்து, முடிவைக் கேட்டுக்கொண்டு, பல் டாக்டர் அறை வாசல் வழியாகவே போனார்கள். ஐந்தாவது ரத்தத்தில் இருந்தது, அளவும் அதிகம். வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை. திங்கட்கிழமையும் வரவில்லை. எனக்குக் காரணம் தெரியும். கையில் இருந்த தடிப்பு மறைந்திருக்கும். அவர் கொடுத்த போன் நம்பரைக் கூப்பிட்டேன். கல்யாண் என்ற ஊரில் ஒரு கல்யாணச் சமையல்காரர் எடுத்து, எத்தனை இலை என்று கேட்டார். அவர் இன்றைக்கும் எனக்குத் தீபாவளி வாழ்த்து அனுப்புகிறார்.

டாக்டர் மேடத்திடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் ரெஜிஸ்டரை வாங்கிப் பார்த்தார், நீலச் சட்டை என்பதை மொழிபெயர்க்கச் சொன்னார். சொன்னேன். நீளமாக ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, அந்தப் பெண் ஊசி போட்டுக்கொள்ளாமல் ரயில் ஏறக்கூடாது என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது எனக்கு.

அந்தப் பெயரைச் சொன்னவர் அங்கேதான் இருக்க வேண்டும் என்று மறுநாள் காலையில் நானே அந்தச் சாலுக்குக் கிளம்பினேன். நீலச் சட்டையைத் தேடினால் ஒருவேளை கண்ணைப் பார்த்தாவது அடையாளம் தெரியும் என்று ஒரு நம்பிக்கை. சந்துக்குள் நுழைந்ததும் என் நம்பிக்கை செத்தது. எதிரே வந்தவர் நீலச் சட்டை. டீக்கடையில் மூன்று நீலச் சட்டை. இட்லி விற்கிற பெரியவர் நீலச் சட்டை. அந்தச் சந்தில் ஒரு தையல் பட்டறை இருக்கிறது. ஏற்றுமதிக்குத் தைத்ததில் பொத்தான் துளை ஒரு பக்கம் கோணலாகிப் போய், திரும்பிவந்த சரக்கை முழுவதும் சந்துக்கே கொடுத்துவிட்டார்களாம். ஒரு ஸ்கூட்டர் சீட்டுக்கு உறைகூட அந்தத் துணிதான். எல்லோருக்கும் மூன்றாவது பொத்தான் இழுத்துக்கொண்டு நின்றது.

நான் திருதிருவென்று நிற்பதைப் பார்த்து ஒரு பெண் வந்து, "யாரத் தேடுதீய?" என்று கேட்டாள். இந்த இடத்தில்தான் என் இரண்டாவது மடத்தனம். யாரையும் தேடவில்லை என்று சொல்லியிருக்கலாம். பதற்றத்தில் வாய் தவறி, சுடலைமுத்து என்று சொல்லிவிட்டேன்.

அவ்வளவுதான். "அண்ணாச்சியத் தேடி வாங்கோ மேடம் வந்திருக்காவ" என்று சந்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை செய்தி போனது. என்னை முன்னால் விட்டுப் பின்னால் ஊர்வலமே வந்தது. வாங்கோ மேடம் எந்த அறை என்று தெரிந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கூட்டத்தில் நான்கு பேர் மட்டும் திடீரென்று தங்கள் செருப்பை உற்றுப்பார்க்க ஆரம்பித்தார்கள். அவர்களை எனக்குத் தெரியும். ஐந்தாவது ஆள் அங்கே இருந்தானா இல்லையா என்பதுதான் தெரியவில்லை.

செயலாளர் சுடலைமுத்து அறுபதை நெருங்கியவர். நெற்றி நிறைய விபூதி, காதில் சாக்பீஸ் துண்டு. உலகத்தில் ஒரு தப்பும் செய்யாத மனுஷன் முகம். அவர் மனைவி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவரை மட்டும் பார்த்தார். வாசலில் ஐம்பது பேர். ஒரு வார்த்தை தவறினால் அந்த மனுஷனுடைய மானம் என்னால் போகும். உண்மையைச் சொன்னால் ஐந்து பேருடைய மானம் போகும். ஒன்றும் சொல்லாமல் திரும்பினால் அந்தக் குழந்தைக்கு வழியில்லை. அந்த நிமிஷத்தில் என் வாயில் என்ன வரப்போகிறது என்று எனக்கே தெரியாது.

"அண்ணாச்சி, உங்க சால்ல கர்ப்பமா இருக்கறவாளுக்கும் அவா ஆத்துக்காரருக்கும் ரத்தம் பார்க்க ஒரு முகாம் போடணும். கமிட்டி அனுமதி இல்லாம செய்யக்கூடாதுன்னு வந்தேன்" என்றேன்.

சத்தியமாக அதற்கு முன் அப்படி ஒரு யோசனை என் தலையில் இல்லை. சொன்ன பிறகுதான் அது எவ்வளவு சரி என்று எனக்கே புரிந்தது. கர்ப்பிணிகள் எல்லோருக்கும் இந்தப் பரிசோதனை செய்யத்தான் வேண்டும். யார் பெயரையும் சொல்லத் தேவையில்லை, யாரையும் தேடத் தேவையில்லை. நல்ல யோசனைகள் எனக்கு எப்போதுமே பொய் சொல்லும்போதுதான் வந்திருக்கின்றன.

கமிட்டி அனுமதி என்ற சொல்லைக் கேட்டதும் அண்ணாச்சி இரண்டு அங்குலம் உயர்ந்துவிட்டார். அவர் மனைவி டீ போடப் போனார். அன்று மாலையே கரும்பலகையில் அறிவிப்பு ஏறியது. சாலில் இருக்கும் ஏழு கர்ப்பிணிகளின் பெயரையும் எழுதி, கீழே கொட்டை எழுத்தில், முகாமுக்கு வராத கணவன்மார் பெயர் இங்கே எழுதப்படும் என்று போட்டிருந்தார். இது மருத்துவ நெறிக்கு ஒத்துவராது என்று டாக்டர் மேடம் தலையில் அடித்துக்கொண்டார். போய்ப் பெண்கள் பெயரை அழிக்கவைத்தேன். கணவன்மார் வரியை மட்டும், மறந்துவிட்டவள்போல விட்டுவிட்டு வந்தேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

கமிட்டி அறையில் ஒரு போர்வையைக் குறுக்கே கட்டித் தடுப்பு ஆக்கினோம். ஏழு கணவன்மாரும் வந்துவிட்டார்கள், ஆறு பேர் நீலச் சட்டை. ஆனால் அண்ணாச்சி என் மேஜைக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். கமிட்டி சார்பாக மேற்பார்வையாம். இவரை வைத்துக்கொண்டு யாரிடம் என்ன கேட்பது? எப்படிக் கிளப்புவது என்று யோசித்து, தலைவர் முதலில் ரத்தம் கொடுத்தால்தான் மற்றவர்களுக்குத் தைரியம் வரும் என்று ஏற்றிவிட்டேன். பெருமையாகக் கையை நீட்டினார். ஊசியின் மூடியைத்தான் கழற்றினோம். கண் சொருகி அப்படியே சாய்ந்துவிட்டார். வெளியே கணவன்மார் முகத்தில் அப்படி ஒரு ஆனந்தம். டாக்டர் மேடம் நாடி பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். தடுப்புக்கு உள்ளேயே சுவரோரம் இருந்த பெஞ்சில் அவரைப் படுக்கவைத்துக் காலைத் தூக்கிவைத்துவிட்டு வேலையைப் பார்த்தோம்.

மூன்றாவது ஆளாக ஒருவர் உள்ளே வந்தார். முகக்கவசம் இல்லை. எனக்கு அடையாளம் தெரியவில்லை. என்ன பேர் எழுதிக்கட்டும் என்று வழக்கம்போலக் கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார். கையைப் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டார். தாழ்ந்த குரலில், "சுடலைமுத்து" என்றார்.

ஐந்தாவது ஆள் இவர்தான். அப்புறம் ஒருநாள் அவரிடம் கேட்டேன், ஏன் ஐயா அங்கே வந்து அந்தப் பெயரைச் சொன்னீர்கள் என்று. போன தடவை சொன்ன பேரையே சொன்னால்தானே போன தடவை எடுத்த ரத்தம் கிடைக்கும் என்றார். எவ்வளவு நியாயமான பதில், பாருங்கள். இருபது வருஷ அனுபவசாலியான எனக்கு நீலச் சட்டைதான் தோன்றியது.

அதற்குள் பெஞ்சிலிருந்து குரல் வந்தது.

"ஏல, யாருல அது எம்பேரச் சொன்னது?"

அண்ணாச்சி ஒரு முழங்கையை ஊன்றி எழுந்துகொண்டிருந்தார். நீலச் சட்டை வெளிறிப்போய்ப் போர்வைப் பக்கம் ஒரு அடி எடுத்துவைத்தார். போர்வைக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி செல்வி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஐந்து நாளில் ரயில். இந்த மனுஷன் இப்போது ஓடினால் மனைவியையும் இழுத்துக்கொண்டு ஓடுவான், பிறகு எந்த ஊரில் போய்த் தேடுவது? தப்பு முழுவதும் என்னுடையது. மயங்கிக் கிடக்கிறவருக்கும் காது இருக்கிறது என்பதை நான் மறந்துவிட்டேன். போர்வையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வழியை மறித்து நின்றேன்.

"அண்ணாச்சி, உங்களை இங்க படுக்கவெச்சது என் தப்பு. என்னை அப்புறமா எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்கோ. இப்போ நீங்க சத்தம் போட்டா இவர் போயிடுவார். என்னால மறுபடி பிடிக்க முடியாது" என்றேன். கெஞ்சினேன் என்றுதான் சொல்லவேண்டும்.

அவர் ஆளைப் பார்த்தார். தினமும் பார்க்கிற முகம், போன வாரம்கூடக் குழாயைத் திறந்துபோட்டதற்குப் பலகையில் எழுதிய முகம். பையில் ஒளித்த கையைப் பார்த்தார். போர்வையைப் பார்த்தார். அந்தப் பக்கம் யார் உட்கார்ந்திருக்கிறாள் என்று அவருக்குத் தெரியாதா? வாசலில் என்னைப் பார்த்ததும் நான்கு பேர் செருப்பைப் பார்த்ததுகூட அப்போதுதான் அவருக்குப் புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். காது சிவந்தது. காதிலிருந்த சாக்பீஸை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"எழுதுங்கம்மா. சுடலைமுத்துதான். எங்க சால்ல அந்தப் பேருல ரெண்டு பேரு உண்டு" என்றார்.

ஐந்து பேர் என்று திருத்த என் வாய் துடித்தது. அடக்கிக்கொண்டேன். அண்ணாச்சி மறுபடியும் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். இந்தத் தடவை மயக்கம் நடிப்புதான், ஆனால் நன்றாக நடித்தார். நான் அழுதுவிட்டேன். நீலச் சட்டையும் அழுதார். டாக்டர் மேடத்துக்கு என்ன நடந்தது என்று ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் அவர் பங்குக்கு, வலிக்காது என்றார்.

மனைவியிடம் சொல்லும்படி அவரை நான் தனியாக உட்காரவைத்துப் பேசிய கதை நீளம். சொன்னார். செல்விக்கும் ரத்தத்தில் இருந்தது. அவளுடைய முடிவை அவளிடம் மட்டும், தனியாக, டாக்டர் மேடம் சொல்ல நான் தமிழில் சொன்னேன். குழந்தைக்கு இன்னும் நேரம் இருக்கிறது, பென்சிலின் போட்டால் குழந்தையைக் காப்பாற்ற முடியும் என்று சொன்னதும்தான் அவள் நிமிர்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டாள்.

"அவருக்கும் ஊசி உண்டா மேடம்?"

உண்டு, இரண்டு பக்கமும் என்றேன்.

"நல்லா ஆழமாப் போடச் சொல்லுங்க" என்றாள்.

நீலச் சட்டையைத் தவாகானாவுக்குத் தன் பைக்கில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு வந்தவர் அண்ணாச்சிதான். ஊசி போட்டு, அரை மணி நேரம் பார்த்து, மாலையில் காய்ச்சல் வந்தாலும் பயப்பட வேண்டாம் என்று சொல்லி அனுப்பினோம். திரும்பும்போது ஆளால் பைக்கில் உட்கார முடியவில்லை. அண்ணாச்சி வண்டியைத் தள்ள, இவர் காலை அகட்டி அகட்டிப் பக்கத்தில் நடக்க, இருவரும் தாராவி மெயின் ரோடு முழுவதும் நடந்தே போனார்கள். செல்வி ரயில் டிக்கெட்டைத் தள்ளிப்போட்டாள். பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் சொன்ன ஊசிகளை எல்லாம் முடித்துக்கொண்டு, சீட்டுகளைப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டுதான் ஊருக்குப் போனாள்.

அதற்குப் பிறகு என் அறையில் அட்டை இல்லாமல் ஒருவரும் வெளியே போனதில்லை. சட்டைப் பையில் வைக்கப் பயந்தவர்களுக்குப் போன் உறைக்குள் ஒட்டிக்கொடுத்தேன், ஒருவருக்குத் தொப்பிக்குள் தைத்தே கொடுத்தேன். அண்ணாச்சியும் பலகையில் பெயர் எழுதுவதை நிறுத்திவிட்டார் என்று கேள்விப்பட்டேன். குற்றவாளிகளுக்கு இப்போது நம்பர் கொடுக்கிறாராம்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், ஒரு மதியம், பல் டாக்டர் அறை வாசலில் ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். தொப்பி, முகக்கவசம், கறுப்புக் கண்ணாடி. மூன்றாவது பொத்தான் இழுத்த நீலச் சட்டை. வராந்தா காலியானதும் உள்ளே வந்து உட்கார்ந்தார். கண்ணாடிக்கு மேலே விபூதி தெரிந்தது.

செல்விக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்றார். குழந்தையின் ரத்தத்தைத் தாயின் ரத்தத்தோடு வைத்துப் பார்த்து, பயமில்லை என்று ஊர் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம். ஆண் குழந்தையாக இருந்திருந்தால் தன் பெயரைத்தான் வைத்திருப்பார்களாம். மேஜைமேல் ஒரு பொட்டலம் அல்வாவை வைத்தார்.

சேதி முடிந்தது. ஆனால் அவர் எழுந்திருக்கவில்லை. மின்விசிறியைப் பார்த்தார். காலண்டரைப் பார்த்தார். கல்யாணத்துக்கு முன்னால், துறைமுகத்தில் வேலை பார்த்த காலத்தில், ஒரு புண் வந்து தானாகவே ஆறிவிட்டது, வலிக்கவே இல்லை என்றார். அதை யாரோ ஒருவருக்கு நடந்ததுபோலச் சொன்னார்.

நான் ரெஜிஸ்டரைத் திறந்தேன். அட்டை ஒன்றை எடுத்து நம்பர் போட்டேன்.

"என்ன பேர் எழுதிக்கட்டும்?" என்று கேட்டேன்.

அவர் ரொம்ப நேரம் யோசித்தார்.

"ராஜு" என்றார்.

ராஜு என்று எழுதிக்கொண்டேன். அடையாளம் என்ற கட்டத்தில் எதுவும் எழுதவில்லை.